ஸ்டெப்னி இருக்குல்ல?

ஒரு பிக்கப் வண்டிக்குச் சக்கரம் எத்தனை என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு நான்கு என்று சொல்கிறவரா நீங்கள்? கூச்சப்படாமல் சொல்லுங்கள். நான்கு என்று சொன்னவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமாகப் போய் நில்லுங்கள். உங்களுக்கு முன்பே அங்கே ஒருவர், வெளுத்த வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நிற்பார். முத்துகிருஷ்ணன் என்று பெயர். நாம் பார்க்கப்போகிற இனத்தின் தலைமகன் அவர்தான்.

இந்த இனத்துக்கு இருக்குல்லக்காரர்கள் என்று பெயர் வைக்கலாம். உலகத்தில் எந்தக் குறையைச் சுட்டிக் காட்டினாலும் இவர்கள் வாயிலிருந்து வருகிற ஒரே பதில் "இருக்குல்ல?" என்பதுதான். ஊரில் ஆஸ்பத்திரி சரியில்லை என்பீர்கள், கட்டடம் இருக்குல்ல? கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பீர்கள். செவப்பு வாளி தொங்குதுல்ல? வாளிக்குள் மணலுக்குப் பதிலாக வெற்றிலை எச்சில் இருக்கும். அதனால் என்ன, வாளி இருக்கிறதே! ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்பதோடு இவர்கள் கவலை முடிந்துவிடும். அது பொருந்துமா, வேலை செய்யுமா, ஆபத்தில் யாரைக் காப்பாற்றும் என்பதெல்லாம் நாத்திகர்கள் கேட்கிற கேள்வி.

இவர்களைக் கஞ்சர்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். முத்துகிருஷ்ணன் செலவு செய்வதைப் பார்த்தால் நீங்களே அசந்துபோவீர்கள். ஏர்வாடிக்குச் சாலை பிரிகிற விலக்கிலிருந்து வடக்கே உள்ளே தள்ளி இருக்கிறது அவர் ஊர். குண்டு மிளகாயும் சீமைக்கருவேலமும் விளைகிற பூமி. மிளகாயை விதைக்க வேண்டும், கருவேலத்தை விதைக்க வேண்டாம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஊரில் அவர் பிக்கப் வந்து இறங்கிய நாளில் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். முகப்புக் கண்ணாடிக்கு மேலே சாமி பெயர், கீழே சாமி படம், உள்ளே சாமி பொம்மை, பின்கதவில் "சகலமும் அவன் செயல்". அமாவாசை தவறாமல் நடுரோட்டில் பூசணிக்காய் உடைப்பார். போன மாசம் உடைத்த பூசணியில் வழுக்கி இரண்டு மோட்டார் சைக்கிள்கள் விழுந்தன. அவர் திருஷ்டி கழிந்தது, அடுத்தவர் முழங்கால் கழிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, வண்டியின் முன்பம்பரில் ஒரு குதிரை லாடம். சாதாரணக் குதிரையா? கறுப்புக் குதிரை. அதுவும் அதன் காலிலிருந்து தானாகக் கழன்று விழுந்த லாடம். ஆணி அதிலேயே இருந்தால்தான் சக்தி என்று ஜோசியர் சொன்னதால், துருவேறிய ஆணியோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். வண்டி ஓடும்போது அது பம்பரில் மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் கெட்ட சக்தி ஒதுங்கிப் போகும் என்பது அவர் நம்பிக்கை. ஒதுங்கிப் போனது என்னவோ கோழிகள்தான்.

இத்தனை பக்திமானுடைய ஐந்தாவது சக்கரம் எப்படி இருந்தது?

வண்டியோடு வந்த அசல் ஸ்டெப்னியை, ஓடுகிற டயர் ஒன்று தேய்ந்துபோனபோதே எடுத்து மாட்டிவிட்டார். அப்புறம் வண்டிக்கு அடியில் சங்கிலி மட்டும் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. வெறும் சங்கிலியைப் பார்த்தால் போலீஸ்காரர் மடக்குவாரே என்று ஏர்வாடி முக்கில் டயர்க்கடை வைத்திருக்கும் வாவு முகம்மதுவிடம் போனார். இருவரும் பள்ளிக்கூடக் கூட்டாளிகள். கடைக்குப் பின்னால் குவிந்து கிடந்த பழைய சக்கரங்களில், உடைப்புக்குப் போன ஏதோ ஒரு சின்ன வேனின் சக்கரம் முத்துகிருஷ்ணன் கண்ணில் பட்டது.

வாவு முகம்மது தலையில் கைவைத்துக்கொண்டார். "மாப்ள, இது ஒன் வண்டிச் சக்கரத்தவிட நாலு வெரக்கட குட்டடா. மரைக்கு மரை சேரும், இல்லங்கல. ஆனா வேற வழியே இல்லேன்னா மட்டும் இத முன்னால மாட்டு, மொள்ள உருட்டிக்கிட்டே அடுத்த பஞ்சர் கடைக்கு வந்து சேரு. பின்னால மாட்டி லோடு ஏத்துனேன்னு வையி, சின்னது கூடச் சுத்தும், பெருசு கொறயச் சுத்தும், நடுவுல கெடக்க பல்சக்கரம் காஞ்சு போகும். டயரும் தாங்காது."

"சங்கிலில தொங்குமா, தொங்காதா?"

"தொங்கும்."

"அது போதும்டா. எவனும் குனிஞ்சு கேட்டா, ஸ்டெப்னி இருக்குல்லன்னு காட்டணும். அம்புட்டுத்தான்."

"அதுக்கு எதுக்குடா டயரு? ஒரு படத்த வரஞ்சு அடியில ஒட்டிக்க. இன்னும் மலிவா முடியும்," என்றார் வாவு முகம்மது. சொல்லிவிட்டு, கைக்கு வந்த வியாபாரத்தை விடுவானேன் என்று சக்கரத்தைத் துடைத்தும் கொடுத்தார். அவரும் பெரிய மகான் ஒன்றும் இல்லை.

இப்படித்தான் அந்தக் குட்டைச் சக்கரம் முத்துகிருஷ்ணன் வண்டிக்கு அடியில் குடியேறியது. ஆயுத பூஜைக்கு அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு. காற்று மட்டும் பாதிக்கு மேல் கிடையாது.

வண்டியில் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் அவரை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. மிளகாய் பறிக்கிற பெண்களைக் காலையில் அள்ளி அடைத்துக்கொண்டு போவது இதே பின்தொட்டியில்தான். பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டாமா என்றால், கயிறு இருக்குல்ல? வீட்டு அடுக்களையில் எவர்சில்வர் டம்ளர் அடுக்கடுக்காகக் கவிழ்ந்து கிடக்கும். வேலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் காகிதக் கப்பில் டீ. கேட்டால் சுகாதாரம் என்பார். அந்தச் சுகாதாரம் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகிறது என்று கேட்டுவிடாதீர்கள். "குடிக்கிறதுக்கு ஒண்ணு இருக்குல்ல? இதுல என்ன பெருசு, சிறுசு?" என்று கோபித்துக்கொள்வார். தனக்கு என்றால் அளவெடுத்தது. அடுத்தவருக்கு என்றால் ஏதோ ஒன்று. இதுதான் இந்த இனத்தின் அடையாளக் குறி.

கதை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் காட்டில் களையெடுக்கும் சண்முகவள்ளியின் மகள் அமுதவள்ளிக்கு அன்று ராமநாதபுரத்தில் அரசாங்க வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்கு மையத்தின் கேட்டைச் சாத்திவிடுவார்கள். சாத்தியபின் கலெக்டரே வந்து தட்டினாலும் திறக்க மாட்டார்கள் என்று ஊரில் பேச்சு. போன தடவை காய்ச்சல் வந்து தேர்வைத் தவறவிட்டவள் அவள். இந்தத் தடவையும் தவறினால் காட்டு வேலைக்கு வரச்சொல்லி அப்பன் கூத்தையா மண்வெட்டியை எடுத்து வைத்துவிட்டார். அந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. மற்ற நாளில் வருவதும், வந்தால்தான் வந்தது.

முத்துகிருஷ்ணனோ அன்று மிளகாய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் போகிறார். சண்முகவள்ளி முதல் நாளே வந்து கேட்டுவைத்தாள்.

"அதுக்கென்ன, கூட்டியா. நம்ம வண்டி இருக்குல்ல?" என்றார் அவர்.

சொன்னதும் அவருக்கே நெஞ்சு குளிர்ந்தது. அன்றிரவு சாப்பிடும்போது மனைவி முருகலட்சுமியிடம் இரண்டு தடவை சொல்லிக்காட்டினார். "நாளைக்கு அந்தப் புள்ள ஆபீசராகி வந்து நிக்கும்போது ஊரு என்ன சொல்லும்? முத்துகிருஷ்ணன் வண்டியில போயி எழுதுன பரீச்சைன்னு சொல்லும்."

"பரீச்ச எழுதுறது வண்டியாங்க, புள்ளையா?" என்று கேட்டுவிட்டு முருகலட்சுமி ரசத்தை ஊற்றினாள். அவளுக்கு இவரைத் தெரியும்.

காலையில் அமுதவள்ளி ஹால் டிக்கெட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அம்மாவுடன் வந்து நின்றாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஓட்டுகிறவருக்குப் பக்கத்துச் சீட்டில் ஒரு பித்தளைத் தட்டு வீற்றிருந்தது. அதில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலைபாக்கு, எலுமிச்சம்பழம், ஒரு சாமந்தி மாலை. மூட்டையை விற்றுவிட்டு அப்படியே கோயிலுக்கும் போய்வருவதாகத் திட்டம். தட்டு சரிந்துவிடக் கூடாதென்று அதற்கு சீட்பெல்ட் போட்டிருந்தார்.

"அண்ணே, முன்னால ஒரு ஓரமா ஒக்காந்துக்கிறவா? கடைசியா ஒருக்கா புரட்டிப் பாக்கணும். பின்னால காத்துல தாளு நிக்காது."

அண்ணே என்ற சொல் முத்துகிருஷ்ணன் காதில் எறும்பு போல ஊர்ந்தது. அவள் தாய் இன்றைக்கும் மொதலாளி என்கிறாள். படிப்பு இருக்கிறதே, அது முதலில் வாயைத்தான் கெடுக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் உபகாரம் செய்யப் புறப்பட்ட மனசு, பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"சாமி சாமான் இருக்கு புள்ள. பின்னால எடம் இருக்குல்ல?"

தாயும் மகளும் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி புறப்பட்டது. லாடம் கிணுகிணுத்தது. விலக்கைத் தாண்டிக் கிழக்கே திரும்பிக் கீழக்கரைச் சாலையில் வேகம் எடுத்தபோது, கிணுகிணுச் சத்தம் திடீரென்று நின்றது. டங் என்று ஒரு சத்தம். அடுத்து, இடது பின்பக்கத்தில் பெருமூச்சு விட்டாற்போல இன்னொரு சத்தம். வண்டி ஓரமாக நொண்டி நின்றது.

முத்துகிருஷ்ணன் இறங்கி வந்து பார்ப்பதற்குள் அமுதவள்ளி குதித்து இறங்கி டயருக்கு முன்னால் குந்தியிருந்தாள். சற்றுத் தள்ளி ரோட்டில் லாடம் கிடந்தது.

"அண்ணே, டயர்ல ஏறியிருக்கது ஒங்க லாடத்து ஆணி."

எந்த மனிதனும் இந்த இடத்தில் கொஞ்சம் அசடு வழிவான். நம் ஆள் வழியவில்லை. லாடத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பாத்தியா? பெரிய விபத்து ஒண்ணு நம்மளத் தேடி வந்திருக்கு. லாடம் குறுக்க விழுந்து தன் மேல வாங்கிக்கிச்சு."

"வாங்குனது டயர்தாண்ணே."

"ஏ, சும்மா இருடி," என்று சண்முகவள்ளி மகள் தோளைத் தட்டினாள். "மொதலாளி, நேரமாகிப் போகுமே."

"எதுக்குப் பதறுற? ஸ்டெப்னி இருக்குல்ல?"

லோடோடு ஜாக்கி தூக்காது. மூட்டைகளை இறக்க வேண்டும். யார் இறக்குவது? நல்ல கேள்வி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முத்துகிருஷ்ணன் கட்டளையிட, தேர்வு எழுதப் போகிற பெண்ணும் அவள் தாயும் மிளகாய் மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சாலையோரம் அடுக்கினார்கள். சாக்கு இடுக்கில் கசிந்த தூளில் அமுதவள்ளி தும்மினாள், கண் சிவந்தது. "கையால கண்ணக் கசக்கிறாத, தாயி. எழுத முடியாமப் போகும்," என்றாள் சண்முகவள்ளி. கண்ணைக் கசக்காமல் அழுவது எப்படி என்பதை அந்தப் பெண் அன்றைக்கு அங்கே பழகிக்கொண்டாள்.

சங்கிலியைத் தட்டித் தட்டிக் கழற்றியதும் ஸ்டெப்னி உருண்டு வெளியே வந்தது. பெரிய சக்கரத்தின் பக்கத்தில் அதை நிறுத்தியபோது, அப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தது.

"இது இந்த வண்டிச் சக்கரமா, அண்ணே?"

"வட்டமா இருக்குல்ல?" என்றார் முத்துகிருஷ்ணன்.

வாவு முகம்மது சொன்னது அவர் நினைவுக்கு வராமல் இல்லை. குட்டைச் சக்கரத்தை முன்னால் மாட்டு; முன்னால் இருக்கிற முழுச் சக்கரத்தைக் கழற்றிப் பின்னால் போடு. செய்திருக்கலாம். ஆனால் முன்னால் உட்கார்ந்திருப்பது யார்? அவர். அவருக்குப் பக்கத்தில் சாமி சாமான். குட்டைச் சக்கரம் அங்கே போனால் இரண்டு பேரும் சாய வேண்டியிருக்கும். பின்னால் மாட்டினால் சாயப்போவது மிளகாயும் சண்முகவள்ளியும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பின்னாலேயே மாட்டினார்.

ஜாக்கியை இறக்கினார். வண்டி, ஒரு காலில் மட்டும் செருப்புப் போட்டவர் போல இடதுபக்கம் சாய்ந்து நின்றது. அமுதவள்ளி மூட்டையைத் தூக்கப் போனாள். "பொறு, பொறு," என்று முத்துகிருஷ்ணன் தடுத்தார். தடை வந்த பயணம். பரிகாரம் செய்யாமல் புறப்படலாமா? தட்டிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து குட்டைச் சக்கரத்துக்கு முன்னால் வைத்தார். கற்பூரம் ஏற்றினார், கடல் காற்று அணைத்தது. மறுபடி ஏற்றினார்; மறுபடி அணைந்தது. வேட்டியை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு மூன்றாம் முறை முயன்றார். அந்த வெயிலில், நேரம் ஓடிக்கொண்டிருக்கிற அந்தச் சாலையில், ஹால் டிக்கெட்டோடு ஒரு பெண் அவர் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள் என்பதை அவர் மறந்தே போனார். உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு அவ்வளவு பெரிதாக இருந்தால் உபகாரம் யாருக்கு என்பது மறந்துபோவது இயல்புதானே?

வண்டியை முன்னால் நகர்த்தினார். சக்கரம் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கியது. காற்றுக் குறைந்த டயர், கீழே மணல். பழம் லேசாக நெளிந்ததோடு சரி, முழுசாகவே பின்னால் உருண்டு போயிற்று.

அமுதவள்ளி அந்தப் பழத்தைப் பார்த்தாள். பிறகு, இன்னும் சாலையோரம் கிடந்த மூட்டைகளைப் பார்த்தாள். "எம்மா, வாம்மா. இது போயிச் சேராது," என்றாள்.

"ஏ புள்ள! எங்கன போற? ஸ்டெப்னி மாட்டியாச்சுல்ல?"

"ஸ்டெப்னி இருக்குண்ணே. நேரந்தான் இல்ல."

சொல்லிவிட்டு நடுரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினாள். ஒரு கார் ஒதுங்கிப் போனது. ஒரு வேன் ஒலி எழுப்பிக்கொண்டு போனது. மூன்றாவதாக, சாயல்குடியில் கருவாட்டை இறக்கிவிட்டு வெறுமனே பாம்பனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு குட்டி வண்டி நின்றது. கைலி கட்டிய ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"பரீச்சையா? ஏறு, தங்கச்சி." பக்கத்துச் சீட்டில் அடுக்கியிருந்த காலிப் பெட்டிகளை இரண்டு கையாலும் அள்ளிப் பின்னால் எறிந்துவிட்டு முன்கதவைத் திறந்தார். "நாத்தம் பொறுத்துக்கிருவியா?"

"மொளகா என் மேல இருக்கு, கருவாடு ஒங்ககிட்ட இருக்கு. புளி ஒண்ணுதாண்ணே கொற," என்றாள் அவள். கண்ணில் நீர் வழிய வழியத்தான் சொன்னாள்.

சண்முகவள்ளியும் ஏறக் காலெடுத்து வைத்தாள். "இந்த மூட்டைய எல்லாம் யாரு ஏத்துறது?" என்றார் முத்துகிருஷ்ணன். அவள் காலைக் கீழே வைத்தாள். "நீ போ, தாயி," என்றாள் மகளிடம். வண்டி பறந்தது.

முத்துகிருஷ்ணனுக்கு மனசு நொந்துபோயிற்று. எவ்வளவு ஆசையாக ஏற்றிக்கொண்டு வந்தார்! நன்றி என்று ஒன்று இருக்கிறதா இந்தக் காலத்தில்? சண்முகவள்ளி ஒற்றை ஆளாக மூட்டைகளைத் தூக்கிப் போடும்வரை இதைத்தான் அவர் அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க வண்டியில ஏத்துனமே, ஒரு வார்த்த சொல்லிட்டுப் போச்சா?"

"ஏத்துன வண்டி நகரலையே, மொதலாளி," என்றாள் சண்முகவள்ளி. வாழ்நாளில் அவள் அவரிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வாக்கியம் அது. சொன்னபின் அவளுக்கே வியப்பாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

குட்டைச் சக்கரத்தோடு வண்டி கிளம்பியது. மெதுவாக உருட்டியிருக்கலாம். கருவாட்டு வண்டியைப் பிடித்துவிட வேண்டும் என்ற வீராப்பு அவருக்கு. கீழக்கரையைத் தாண்டும்போது அடியில் சுட்ட ரப்பர் வாடை வந்தது. எங்கோ டயர் எரிக்கிறார்கள் என்று எண்ணி மூக்கைச் சுளித்தார். எரிந்தது அவருடையதுதான். அடுத்த வளைவில் வேட்டுப் போட்டாற்போல ஒரு சத்தம். வண்டி தள்ளாடி, கருவேலம் புதருக்குள் முகத்தை நுழைத்து நின்றது. நான்கு மூட்டை சரிந்து ரோட்டில் பிதுங்கின. ஐந்தாவது மூட்டை சண்முகவள்ளியோடு சேர்ந்து இறங்கியது. பல்லக்கில் இறங்குவது போல அவள் அதன் மேலேயே உட்கார்ந்து தரைக்கு வந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. இல்லாமல் போனது அவளுடைய அதிர்ஷ்டம். அவருடைய புண்ணியம் என்று அவர் கணக்கில் எழுதிக்கொள்வார், நீங்கள் நம்பிவிடாதீர்கள்.

சாலை முழுக்க மிளகாய். போகிறவர், வருகிறவர், நின்று வேடிக்கை பார்க்கிறவர் எல்லோருக்கும் தும்மல். இந்தத் தும்மல் கச்சேரிக்கு நடுவில் முத்துகிருஷ்ணனின் முகம் மெல்ல மலர்ந்தது. திருஷ்டி கழிக்க ஒரு கைப்பிடி மிளகாய் சுற்றுவோம். இங்கே மூட்டை மூட்டையாகச் சுற்றியாயிற்றே!

போன் போட்டதும் வாவு முகம்மது மோட்டார் சைக்கிளின் பின்னால் முழு அளவுச் சக்கரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். கிழிந்து தொங்கிய குட்டை டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.

"பின்னால மாட்டாதன்னு சொன்னனா இல்லையா?"

"எல்லாம் கண்ணுடா, மாப்ள."

"கண்ணு இருந்தா நீ பாத்துல்ல மாட்டியிருக்கணும்! அந்தம்மா மூட்டைக்கு அடியில போயிருந்தா, யா அல்லா, அதுக்கு எங்கன போயி ஸ்டெப்னி வாங்குவ?"

முத்துகிருஷ்ணன் சிதறிய மிளகாயைக் காலால் ஒதுக்கினார். ஒரு கணம் அவர் முகத்தில் ஏதோ ஓடியது. வெட்கமாக இருக்கலாம். தும்மல் வந்து அதையும் கலைத்துவிட்டது.

அமுதவள்ளி என்ன ஆனாள்? காவலாளி கேட்டை இழுத்துக்கொண்டிருந்தபோது, கருவாட்டு வண்டி ஒலி எழுப்பியபடியே வந்து நின்றது. இரண்டு இரும்புக் கதவுகளுக்கும் நடுவில் மிச்சமிருந்த சந்தில் அவள் ஒருக்களித்து நுழைந்தாள். கை எரிய, கண் எரிய, சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ள, எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினாள். முடிவு இன்னும் வரவில்லை.

ஆனால் முத்துகிருஷ்ணன் காத்திருக்கிறாரா? மறுநாள் காலையிலேயே டீக்கடையில் ஆரம்பித்துவிட்டார். "நேத்து நம்ம வண்டியில கூட்டிட்டுப் போகலேன்னா அந்தப் புள்ள பரீச்சையே எழுதியிருக்காது." டீக்கடைக்காரர், "பாதி வழியில எறக்கி விட்டுட்டீகளாமே?" என்றார். "பாதிவழி கூட்டிட்டுப் போனம்ல?" என்றார் இவர். இந்த இனத்தை மடக்க முடியாது. நியாயம் பேசி நீங்கள் ஒரு கேள்வி கேட்டால் மூன்று கோயில் பிரசாதத்தோடு பதில் வரும்.

இப்போது ஊரில் புதிதாக ஒரு பேச்சு. அடுத்த தேர்வும் ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. அமுதவள்ளியின் தெருவிலிருந்து இன்னும் நாலைந்து பெண்கள் எழுதப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்குப் பஸ் விட வேண்டும் என்று மனு எழுதி, சண்முகவள்ளி வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறாள். முதலில் போய் நின்றது எந்த வீட்டு வாசலில் என்று நினைக்கிறீர்கள்?

முத்துகிருஷ்ணன் மனுவை வாங்கி, தூரமாகப் பிடித்து, கிட்டமாகப் பிடித்து, முழுக்கப் படித்தார். நெற்றி சுருங்கியது. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"பஸ்ஸு எதுக்கு, சண்முகவள்ளி? நம்ம வண்டி இருக்குல்ல?"

அடுக்களையிலிருந்து முருகலட்சுமி வந்தாள். கணவர் கையிலிருந்த தாளை வாங்கி, சுவரில் வைத்துத் தன் பெயரை எழுதி, சண்முகவள்ளியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கவனித்தீர்களா? கேட்டது பஸ், உரிமை. கொடுக்கச் சித்தமாக இருப்பது கருணை. நாலு விரற்கடை குட்டை. பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம் உட்காரலாம், மொதலாளி என்று கூப்பிட வேண்டியதில்லை, மூட்டை இறக்க வேண்டியதில்லை, வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இருக்குல்லக்காரர்களுக்குப் பஸ் என்றால் அவ்வளவு கசப்பு.

நீங்கள் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நல்லது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை என்று படித்த இடத்தில், "அதான் அவரு வண்டியில வரச் சொல்றாருல்ல, அப்புறம் என்ன?" என்று மனசு ஓரமாக ஒரு குரல் எழுந்ததா? எழுந்திருந்தால் உங்கள் பின்பக்கத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். அங்கே குட்டையாக ஒன்று தொங்கிக்கொண்டிருக்கலாம். பரவாயில்லை, கழற்றிவிடலாம்.

சண்முகவள்ளி உங்கள் வாசலுக்கும் வருவாள். உங்கள் ஊரில் அவளுக்கு வேறு பெயர் இருக்கும். மனுவிலும் பஸ்ஸுக்குப் பதில் வேறு ஏதாவது இருக்கும். உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். மனுவை வாங்குங்கள். "எதுக்கு?" என்று கேட்க வாய் வரும், அதற்கு முன்னால் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். போட்டுவிட்டு, பேனாவைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டுங்கள். அவர் முத்துகிருஷ்ணனாகவே இருந்தாலும் சரி, நீட்டிய கையை மடக்காதீர்கள்.